பாட்டாவின் சிடியில் ஓர் ஆள் இடம்

எங்கள் வீட்டுச் சிடிகளுக்கெல்லாம் மட்டிப்பழ வாசனை உண்டு. கீறல் விழுந்து, படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுபோகும் சிடியை, நன்றாகப் பழுத்த மட்டி வாழைப்பழத் தோலின் உள்பக்கத்தால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தேய்த்து, கிழிந்த பருத்தி வேட்டித் துண்டால் துடைத்துப் போட்டால் மறுபடியும் ஓடும் என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். சில நேரம் ஓடவும் செய்தது. பல் தேய்க்கும் பேஸ்ட் போட்டுத் துடைக்கிறவர்கள் எங்கள் ஊரில் ஒரு கட்சி, பழத்தோல்காரர்கள் இன்னொரு கட்சி. அம்மா பழத்தோல் கட்சியின் தலைவி என்றே சொல்லலாம். தோல் சிடிக்கு, பழம் எனக்கு என்பது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. அதனால் கெட்டுப்போன சிடிகளைக் கண்டு நான் ஒருபோதும் வருந்தியதில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர.

தேங்காய்ப்பட்டணம் கடலிலிருந்து நாலைந்து மைல் உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களுக்கும் மரச்சீனிக் கிழங்கு போட்ட விளைகளுக்கும் நடுவே இருந்தது எங்கள் ஊர். அம்மா பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியிலும் டீச்சர். ஆக, ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லாத டீச்சர். அப்பா கத்தாரில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். நான் ஏழாம் வகுப்புக்குப் போன வருஷம் வந்தபோது கைக்கடக்கமான ஒரு வீடியோ கேமராவும், சிடியில் பதிவு செய்யும் பெட்டி ஒன்றும் கொண்டுவந்தார். மற்ற வீட்டுப் பெட்டிகள் சிடியைப் படிக்க மட்டும் செய்யும், எங்கள் பெட்டி எழுதவும் செய்யும் என்பதால் ஊருக்குள் அதற்கு "எழுதுற டெக்கு" என்று பேர் விழுந்தது. விசிடி, டிவிடி என்ற வித்தியாசமெல்லாம் கடைக்காரர்களுக்குத்தான். வட்டமாகப் பளபளவென்று இருந்தால் எங்களுக்கு எல்லாமே "சிடி".

அப்பாவின் யோசனை எளிமையானது. வீட்டில் நடப்பதை நான் கேமராவில் எடுக்க வேண்டும், அதை மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வயர்கள் வழியாகப் பெட்டிக்குக் கொடுத்துச் சிடியாக்க வேண்டும், கத்தாருக்குப் போகிற யாராவது ஓர் ஆள் வசம் கொடுத்துவிட வேண்டும். முதலில் அனுப்பிய சிடியில் ஒன்றுமே தெரியவில்லை என்று அப்பா போனில் சொன்னார். பதிவு முடிந்ததும் ஒரு பொத்தானை அமுக்கிச் சிடியை "மூட" வேண்டும், மூடாத சிடி எங்கள் பெட்டியைத் தவிர வேறெங்கும் ஓடாது என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரட்டைச் சடையும் வெள்ளை உடுப்பும் காகிதச் சிறகுமாக நான் தேவதூதனாய் நின்ற ஓய்வுநாள் பள்ளி ஆண்டுவிழா அப்படி அப்பாவின் கண்ணுக்குத் தெரியாமலே போயிற்று. அடுத்து அவர் கேட்டது மழை. ஆனி மாதத்தில் ஓட்டு விளிம்பிலிருந்து முற்றத்தில் விழும் மழையை அரைமணி நேரம் எடுத்து, மறக்காமல் மூடி அனுப்பினேன். அவர் அறையில் இருந்த பத்துப் பேரும் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த அரைமணி நேர மழையையும் பார்த்தார்களாம்.

எழுதுற டெக்கு வந்த சேதி பரவியதும், புதுப்படச் சிடிகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒன்று இருந்தால் இன்னொன்று எடுத்துத் தரலாமே என்பது அவர்கள் கணக்கு. ஆனால் கடையில் வாங்கிய சிடியைப் பக்கத்துப் பெட்டியில் ஓடவிட்டு எங்கள் பெட்டியில் எழுதப் பார்த்தால், நாலு வினாடியில் அது நின்றுவிடும். டிவியில் நீலத் திரை வரும். இதை நகலெடுக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டின் படம். அந்தப் பூட்டைப் பார்த்தால் அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தை நான் சொல்லி முடியாது. ஊரான் பாடுபட்டு எடுத்ததை நோகாமல் எடுத்துக்கொள்வது களவு என்று ஓய்வுநாள் பள்ளியில் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இப்போது அவள் பக்கம் பேச ஒரு யந்திரமே வந்து சேர்ந்துவிட்டது. "நான் சொன்னா கேக்கமாட்டிய, பெட்டி சொல்லுகது பாருங்க" என்று சிடிகளைத் திருப்பிக் கொடுப்பாள்.

பூட்டு இல்லாத ஒரு வகைச் சிடி இருந்தது, அது "தியேட்டர் பிரிண்ட்". கொட்டகையில் உட்கார்ந்து யாரோ திருட்டுத்தனமாகத் திரையைக் கேமராவில் எடுத்தது. படம் கொஞ்சம் கோணலாக இருக்கும், நடுவில் ஒரு தலை எழுந்து வெளியே போகும், கதாநாயகி அழும்போது பின்னால் யாரோ மிக்சர் தின்னும் சத்தம் கேட்கும். பக்கத்து வீடுகளில் நான் ஒளித்து ஒளித்துப் பார்த்ததுண்டு. எங்கள் வீட்டு வாசல்படியை அந்த வகைச் சிடி தாண்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அந்தச் சட்டத்தை அவளே ஒருநாள் உடைப்பாள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அப்பாவின் அப்பாவை, எங்கள் பக்கத்து வழக்கப்படி, நாங்கள் "பாட்டா" என்போம். பாட்டா இருந்தது அடுத்த விளையில், தங்கராஜ் சித்தப்பாவின் வீட்டில். சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி; விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர். பேச்சு குறைவு, வேலை அதிகம். அப்பா லீவு முடிந்து கத்தாருக்கு விமானம் ஏறி ஒரு மாதம் ஆகுமுன்னே பாட்டா பக்கவாதத்தில் படுக்கையில் விழுந்தார். அதன் பிறகு எட்டு மாதம் அவரைத் தூக்கி, கழுவி, திருப்பிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டியது எல்லாம் சித்தப்பாதான். நானும் அம்மாவும் போவோம், பார்ப்போம், சித்திக்குக் கை கொடுப்போம், வந்துவிடுவோம். ஊரில் பார்க்கிறவர்கள் பாட்டாவிடம், மூத்த மகன் போன் செய்தானா என்று கேட்பார்கள். பாட்டாவும் வாய் கோணச் சிரித்துக்கொண்டு ஆமாம் என்பார். பக்கத்தில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு நிற்கும் இளையவனை யாரும் ஒன்றும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கும் அது உறைக்கவில்லை.

பாட்டா ஒரு வியாழக்கிழமை காலையில் போனார். அப்பாவுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. கெஞ்சிப் பார்த்தார், பாஸ்போர்ட் கைக்கு வரக் குறைந்தது ஒரு வாரம் என்றார்கள். மத்தியானம் எங்கள் வீட்டுப் போன் அடித்தது. அம்மா ரிசீவரை எனக்கும் கேட்கும்படி சாய்த்துப் பிடித்திருந்தாள். அப்பா, "எனக்காட்டு வச்சிட்டு இருக்காண்டாம், அடக்கம் பண்ணிருங்க. ஆனா எல்லாத்தையும் சிடி எடுக்கச் சொல்லு. ஒரு வார்த்தையும் விடாண்டாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் அடக்கத்துக்கும் வீடியோ எடுப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகப் படும். வீட்டுக்கொரு ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது, கல்யாணத்தை விட அடக்கத்துக்குத்தான் கேமரா அவசியம் என்பது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜெபம் முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு எடுக்கும் முன், சவப்பெட்டியைச் சுற்றி மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் நின்று படம் எடுத்துக்கொள்வதும் வழக்கம். அப்போது ஸ்டுடியோக்காரர், "வெளிநாட்டு ஆளுக்கு எடம் விடுங்க" என்று சொல்வார். வராத மகனுக்கு ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு மற்றவர்கள் நிற்பார்கள். பிறகு அவனுடைய பழைய படம் ஒன்றை வாங்கிக் கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் ஒட்டித் தருவார்கள். துபாய் வெயிலில் கண் கூசச் சிரித்துக்கொண்டு தகப்பனின் பெட்டியருகே நிற்கும் மகன்களை எங்கள் ஊர்ச் சுவர்களில் நிறையப் பார்க்கலாம். யாரும் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை.

பாட்டாவின் தலைமாட்டில் மூத்த மகனுக்கு இடம் விட்டோம். இடத்துக்கு இந்தப் பக்கம் அம்மாவும் நானும், அந்தப் பக்கம் சித்தப்பா. சித்தப்பாவின் இடுப்பில் அவருடைய நாலு வயது மகன் ஜினோ. அன்றைக்கு நடந்தது எனக்கு அவ்வளவுதான் ஞாபகம். பாட்டுக்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று யார் காதில் விழும்.

மூன்று வாரம் கழித்து ஸ்டுடியோ செல்வின் அண்ணன் சிடியைக் கொண்டுவந்து தந்தார். மேலே பாட்டாவின் படமும் ஒரு சிலுவையும் அச்சடித்த, கறுப்பு உறை போட்ட சிடி. சனிக்கிழமை காலை நானும் அம்மாவும் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தோம். எல்லாம் இருந்தது. ஐஸ் பெட்டி, போதகரின் ஜெபம், யார் யாரோ வைத்த மாலைகள். பெட்டியைச் சுற்றி நிற்கும் இடமும் வந்தது. "வெளிநாட்டு ஆளுக்கு எடம் விடுங்க" என்றது செல்வின் அண்ணனின் குரல். அடுத்து, கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில் கேட்பதுபோல, தாழ்வாக, தெளிவாக, சித்தப்பாவின் குரல்.

"வராதவனுக்கு என்னத்துக்கு எடம்? நெருங்கி நில்லுங்க."

அம்மா பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டாள். மறுபடியும். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தப்பா மேல் அப்படி ஒரு கோபம். அம்மா அழவில்லை. அவள் நினைத்தது கத்தாரில் இருந்த அப்பாவை. இந்தச் சிடியை அப்பா தனியாக உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை. மழையைப் பார்த்த அதே பத்துப் பேர், சாப்பாட்டுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். கூடப்பிறந்த தம்பி சொன்னதை அத்தனை பேர் நடுவில் வைத்துக் கேட்க வேண்டும். எழுந்து போகக்கூட வேறு அறை கிடையாது. ஒரு வார்த்தையும் விடக்கூடாது என்று சொன்னவருக்கு ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு அனுப்புவது என்று அம்மா முடிவு செய்தாள். அப்பாவுடன் ஒரே அறையில் இருந்த தேங்காய்ப்பட்டணத்து மாஹின் மாமா லீவு முடிந்து மறுநாள் மத்தியானம் புறப்படுகிறார். அவரை விட்டால் அடுத்த ஆள் எப்போது போவார் என்று தெரியாது.

வழி எங்கள் வீட்டிலேயே இருந்ததே. சித்தி வீட்டு சிடி பெட்டியைச் சாக்கு சொல்லி வாங்கி வந்தேன். அதில் பாட்டாவின் சிடியை ஓடவிட்டு, எழுதுற டெக்கில் பதிவு செய்து, அந்த இடம் வரும்போது மட்டும் நிறுத்திப் பிறகு தொடர்ந்தால் தீர்ந்தது. மூன்று வயரையும் செருகினேன். அம்மா பொத்தானை அமுக்கினாள். நாலு வினாடி. நீலத் திரை வந்தது. இதை நகலெடுக்கக் கூடாது என்ற வரி, பக்கத்தில் பூட்டு. இத்தனை நாள் அம்மா பக்கம் நின்று பேசிய யந்திரம் அன்றைக்கு அவளிடமே அதைச் சொல்லிற்று. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "எனக்க மாமனாருக்க அடக்கத்துக்கு என்னத்துக்குப் பூட்டு" என்று மெதுவாகக் கேட்டாள், பெட்டியைப் பார்த்து.

ஸ்டுடியோவுக்கு ஆட்டோவில் போனோம். செல்வின் அண்ணன் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். ஒரு இடத்தை வெட்ட வேண்டும் என்று மட்டும்தான் அம்மா சொன்னாள். எந்த இடம் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது. எடிட் செய்யும்போதே கேட்டதாகவும், எடுத்துவிடலாமா என்று நினைத்ததாகவும், ஒரு வார்த்தையும் விடாண்டாம் என்று அப்பா சொல்லியனுப்பியதை நினைத்து விட்டுவிட்டதாகவும் தலைகுனிந்துகொண்டு சொன்னார். எடுத்த டேப்பின் மேலே அடுத்த வாரமே ஒரு கல்யாணம் ஏறிவிட்டது. கம்ப்யூட்டரில் இருந்ததையும் இடம் போதாமல் அழித்தாயிற்று. இருப்பது இந்தச் சிடி மட்டும். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு அவர் ராப்பகலாக உழைத்துக் கொடுத்த சிடியை யாரோ வாங்கி ஊர் முழுக்க நகலெடுத்துக் கொடுத்துவிட, அதிலிருந்துதான் இந்தப் பூட்டு. அவர் செய்ததில் அம்மா குறை சொல்ல ஒன்றுமில்லை. வருஷக்கணக்காக அவள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் செய்திருந்தார். அப்படியானால் திறந்து தாருங்கள் என்றாள்.

"பூட்டு நான் போட்டதுதான் டீச்சர். தொறக்கதுக்கு எனக்குத் தெரியாது" என்றார் செல்வின் அண்ணன். கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் வரும், அதில் ஒரு சரி போட்டால் பூட்டு விழும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. நாகர்கோவிலில் விஷயம் தெரிந்த ஒருவர் இருக்கிறார், பத்து நாள் ஆகும்.

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து, நான் பயந்து பயந்துதான் சொன்னேன். டிவியில் ஓடவிட்டு, எதிரே கேமராவை வைத்து எடுத்தால் பூட்டு என்ன செய்யும், தியேட்டர் பிரிண்ட் மாதிரி என்றேன். தியேட்டர் பிரிண்ட் உனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவேண்டிய கேள்வியை அன்றைக்குக் கேட்கவில்லை. நேரே போய் ஜன்னல்களைச் சாத்தி, வெளிச்சம் வராமல் இருக்க வேட்டிகளை எடுத்துத் திரையாகக் கட்ட ஆரம்பித்தாள்.

ஸ்டூலின் மேல் மூன்று பாட்டுப்புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கேமராவை வைத்தேன். ஆனாலும் ஆடக்கூடாது என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றேன். அம்மா எனக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து என் தோளில் கையை வைத்துக்கொண்டாள். "ஏட்டி, நான் தட்டுனா நிப்பாட்டணும். திரும்பத் தட்டுனா மறுபடி எடுக்கணும்" என்றாள். படம் ஓடத் தொடங்கியது. டிவியில் பாட்டா படுத்திருந்தார். அடுக்களையில் குழாய் சொட்டியது, வெளியே கோழி கொக்கரித்தது, எல்லாம் கேமராவுக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டேன்.

போதகர் ஜெபம் செய்துகொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. அண்ணனுக்குக் கொடுத்துவிட உலர்ந்த மரச்சீனியும் நெத்திலிக் கருவாடும் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு சித்தப்பா வந்திருந்தார். அடைத்த ஜன்னலையும், வேட்டித் திரையையும், முழங்காலில் நிற்கும் என்னையும் பார்த்து, என்ன நடக்கிறது என்று புரியாமல் கதவருகே நின்றார். டிவியில் தன் தகப்பன் முகத்தைக் கண்டதும் பொட்டலத்தை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் அந்தச் சிடியை அதுவரை பார்த்திருக்கவில்லை. அடுத்து வரப்போவது என்ன என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. கேமராவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வெளிநாட்டு ஆளுக்கு எடம் விடுங்க" என்றது டிவி. தட்டு விழும் என்று காத்திருந்தேன். என் தோளில் இருந்த கை இறுகியது, தட்டவில்லை. சித்தப்பாவின் குரல் டிவியிலிருந்து வந்தது, ஒரு சொல் குறையாமல். தரையில் உட்கார்ந்திருந்தவர் அதைக் கேட்டார். அம்மா இப்போதாவது தட்டுவாள் என்று பார்த்தேன். தட்டவேயில்லை.

சித்தப்பா எழுந்தார். கேமராவுக்கும் டிவிக்கும் நடுவே வந்தார். கொட்டகையில் யாரோ எழுந்து போவதுபோல அவர் முதுகு பாதித் திரையை மறைத்தது. எதற்காக அடைத்து வைத்து எடுக்கிறோம், எந்த இடத்தை விட்டுவிடப் பார்க்கிறோம் என்பதெல்லாம் அவருக்கு அந்த ஒரு நிமிஷத்தில் விளங்கியிருக்க வேண்டும். அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "மைனி, நிப்பாட்டாண்டாம்" என்றார். பிறகு டிவியின் அருகே குத்தவைத்து உட்கார்ந்து, பாட்டாவின் தலைமாட்டில் வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தில் விரலை வைத்தார். ரப்பர் பால் காய்ந்து கறுத்த விரல், நுனியில் அழுக்குத் துணிக்கட்டு.

"அண்ணே, அது நான் சொன்னதாக்கும். எட்டு மாசம் அப்பாவ ஒத்தைக்கு நின்னு பாத்தேன். அந்த ஆத்தாமையில வாயில வந்துட்டு." குரல் உடைந்தது, சமாளித்துக்கொண்டார். "ஒனக்க எடம் இதாக்கும். நெருங்கச் சொன்னேனே தவிர நான் நெருங்கல்ல, பாரு."

அப்போதுதான் நானும் பார்த்தேன். திரையில் மற்றவர்கள் கொஞ்சம் அசைந்து நகர்ந்திருந்தார்கள். இடத்தை ஒட்டி நின்ற சித்தப்பா, ஜினோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஓர் அங்குலம்கூட உள்ளே நகராமல் நின்றிருந்தார். நாங்கள் மூன்று தடவை கேட்டோம், ஒரு தடவைகூட இதைப் பார்க்கவில்லை. காதில் விழுந்த வார்த்தை கண்ணை அடைத்துவிட்டது. எட்டு மாதம் அவரை ஒன்றும் கேட்காதவர்களில் நானும் ஒருத்தி என்பது எனக்கு அந்த வயதிலேயே சுட்டது.

மீதிப் படம் முழுவதையும் எடுத்தேன். கல்லறையில் மண் விழும் சத்தத்தோடு எங்கள் மூன்று பேரின் அழுகையும் அதில் சேர்ந்து விழுந்தது. சிடியாக்கி, மறக்காமல் மூடி, வேறொரு பெட்டியில் போட்டு ஓடுகிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சித்தப்பாவே சைக்கிளில் தேங்காய்ப்பட்டணத்துக்குப் போய், மாஹின் மாமா கையில் மரச்சீனியோடும் கருவாட்டோடும் அதைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு வாரம் கழித்து அப்பா கூப்பிட்டார். முதலில் என்னிடம்தான் பேசினார். நான் என்ன சொல்வாரோ என்று இருந்தேன். சிடியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "மக்கா, தம்பிக்க வெரல்ல என்ன கட்டு?" என்று கேட்டார். பால்வெட்டுக் கத்தி பட்டது என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனானா, ஊசி போட்டானா என்று விசாரித்தார். பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு வா என்றார். விளைக்கு ஓடிச் சித்தப்பாவைக் கூட்டிவந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை வாங்கினார். இரண்டு பேரும் பேசியது குறைவு. இந்தப் பக்கம் "ம்" என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது. ஆனால் ரொம்ப நேரம் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.

அதற்குப் பிறகு செல்வின் அண்ணன் அப்பாவின் படத்தை அந்த இடத்தில் ஒட்டித் தருவதாக இரண்டு மூன்று தடவை சொன்னார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் வீட்டுச் சுவரிலும் சித்தப்பா வீட்டுச் சுவரிலும் அந்தப் படம் இடம் விட்டபடியே தொங்கியது.

எழுதுற டெக்கு எப்போதோ பழைய சாமான்காரருக்குப் போயிற்று. செல்வின் அண்ணனின் ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பூட்டுப் போட்ட அந்த அசல் சிடியை இரண்டு வருஷத்துக்கு முன் எடுத்துப் பார்த்தேன். வெள்ளிப் பூச்சு உரிந்து, எதிரே பிடித்தால் அதன் வழியாக ஜன்னல் தெரிந்தது. ஆசைக்கு ஒரு மட்டிப்பழம் உரித்துத் தேய்த்தும் பார்த்தேன், பழத்தைச் சாப்பிட்டதுதான் மிச்சம். நான் எடுத்த கோணல் பிரதி மட்டும், அப்பா அடுத்த லீவில் திருப்பிக் கொண்டுவந்த பிறகு, கம்ப்யூட்டர், பென்டிரைவ், போன் என்று ஒவ்வொன்றாகத் தாவித் தாவி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் தடுக்க அதில் பூட்டு எதுவும் இல்லை.

போன ஐப்பசியில் சித்தப்பா காலமானார். ஜினோ இப்போது குவைத்தில். அவனாலும் வர முடியவில்லை. இந்தக் காலத்தில் சிடியும் வேண்டாம், ஆள் வசம் கொடுத்தனுப்பவும் வேண்டாம். மூன்று கால் தாங்கியில் போனை நிறுத்தி அடக்கத்தை அப்படியே நேரலையில் காட்டினார்கள், அவன் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் படம் எடுக்கப் பெட்டியைச் சுற்றி நின்றோம். படம் எடுத்த பையன் வெளியூர்க்காரன், எங்கள் வழக்கம் தெரியாதவன். தலைமாட்டில் இடைவெளி விழுகிறது, எல்லாரும் நெருங்கி நில்லுங்கள் என்றான். நாங்களும் கால் எடுத்து நகரப் போனோம்.

ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு தம்பியின் பெட்டியருகே நின்ற அப்பா, மறுகையை நீட்டி எங்களைத் தடுத்தார்.

"அங்க ஆரும் நெருங்காண்டாம். அது ஜினோவுக்க எடமாக்கும்."

அந்தப் பையன் ஒன்றும் புரியாமல் அப்படியே எடுத்தான். என் கையிலிருந்த போனில், ஓடிக்கொண்டிருந்த நேரலைக்குக் கீழே, ஒரு வரி வந்து நின்றது. அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது என்பதால், காதருகே குனிந்து நான்தான் படித்துச் சொன்னேன்.

"பெரியப்பா, கண்டேன்."